மூன்றாம் இழையால் மரபணுவை அடக்குவது: இலக்குத் தேர்விலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை ஒரு முழு வழிகாட்டி

ஒரு மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைக்க இன்று பெரும்பாலோர் முதலில் எடுப்பது எஸ்ஐஆர்என்ஏ என்னும் குறும் ஆர்என்ஏ. அது போதாவிட்டால், வெட்டும் திறன் நீக்கப்பட்ட கேஸ்9, அதாவது கிரிஸ்பர் முறையின் புரதம். இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன, வழிமுறைகளும் பழகிவிட்டன. அப்படியிருக்க 1980-களின் இறுதியில் பிறந்த மூவிழை உத்தியை, அதாவது டிஎன்ஏவின் இரட்டைச் சுருளில் மூன்றாவதாக ஒரு குறும் இழையைப் பிணைக்கும் முறையை, ஏன் கையில் எடுக்க வேண்டும்?

எஸ்ஐஆர்என்ஏ துரத்துவது மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏவை. ஒரு செல்லில் அது நூற்றுக்கணக்கில், சில மரபணுக்களுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். அழிக்க அழிக்க மரபணு புதிதாக அச்சிட்டுக்கொண்டே போகும். அந்த மூன்றாம் குறும் இழை, அதாவது மூவிழை ஆலிகோ, பிடிப்பது மரபணுவையே. சாதாரண செல்லில் அதற்கு இரண்டே பிரதிகள். உள்ளே அனுப்ப வேண்டிய புரதமும் கிடையாது. வேதிமுறையில் செய்த, பதினைந்து முதல் முப்பது எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஒன்று போதும். அதன் நுனியில், ஒளிபட்டால் டிஎன்ஏவைப் பூட்டும் சோரலன் போன்ற மூலக்கூறைக் கட்டி, மரபணுத் தொகுதியில் நாம் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் இறக்கவும் முடியும். உங்கள் கேள்விக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை, மரபணுவை அடக்கினால் போதும் என்றால், தயங்காமல் கிரிஸ்பர் பக்கம் போய்விடுங்கள். நேரம் மிச்சம்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. பிணையும் ஆலிகோவை வடிவமைப்பது இந்த வேலையின் எளிய பாதி. வெளிப்பாடு குறைந்ததற்கு அந்த இடத்தில் உருவான மூவிழைதான் காரணம் என்று காட்டுவது கடினமான பாதி. அந்தக் கடினமான பாதியை முதல் படியிலேயே திட்டமிடாவிட்டால், கடைசியில் விளக்கம் சொல்ல முடியாத ஒரு பட்டை வரைபடம் மட்டுமே கையில் இருக்கும்.

தெரிந்தே ஆக வேண்டிய வேதியியல்

டிஎன்ஏவின் இரட்டைச் சுருளில் ஓர் அகலப் பள்ளமும் ஒரு குறுகிய பள்ளமும் உண்டு. பியூரின் காரங்களான அடினினும் குவானினும் தம் இணையோடு கைகோத்த பிறகும், அகலப் பள்ளத்தின் பக்கமாக ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடம் மீதி வைத்திருக்கின்றன. இந்தப் பிணைப்பு முறைக்கு ஹூக்ஸ்டீன் பிணைப்பு என்று பெயர். 1957-ல் ஃபெல்சன்ஃபெல்ட், டேவிஸ், ரிச் ஆகியோர் மெக்னீசியம் இருக்கும்போது ஒரு பாலி-ஏ இழையோடு இரண்டு பாலி-யு இழைகள் சேர்வதைக் கண்டார்கள். 1987-ல் மோசர், டெர்வான் இணையும், பிரான்ஸில் கிளாட் ஹெலென் குழுவும், குறிப்பிட்ட வரிசையுள்ள இரட்டைச் சுருளை ஒரு குறும் இழையால் தேடிப் பிடிக்கலாம் என்று தனித்தனியே காட்டினார்கள். அடுத்த ஆண்டே கூனி, ஹோகன் முதலியோர் சி-மிக் மரபணுவின் முதல் ப்ரோமோட்டருக்கு (படியெடுப்பு தொடங்கும் பகுதிக்கு) சுமார் 115 காரஇணை மேலே 27 எழுத்து ஆலிகோ ஒன்றைப் பிணைத்து, சோதனைக் குழாயில் படியெடுப்பு, அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாவது, குறைவதைக் காட்டினார்கள். சி-மிக் இடத்துக்குப் பின்னால் திரும்ப வருவோம். அதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது.

மூன்றாம் இழை இரண்டு முறைகளில் அமரும்.

முதலாவது பிரிமிடின் முறை; தைமினும் சைட்டோசினும் பிரிமிடின் காரங்கள். அடினின்–தைமின் இணைமேல் தைமின் அமரும். குவானின்–சைட்டோசின் இணைமேல் புரோட்டான் ஏற்ற சைட்டோசின் அமரும். மூன்றாம் இழை, இலக்கின் பியூரின் இழைக்கு இணையாக, ஒரே திசையில் ஓடும். சிக்கல் அந்தப் புரோட்டானில். தனிச் சைட்டோசின் புரோட்டானைப் பாதியளவு ஏற்கும் பிஎச் 4.5-ஐ ஒட்டியது. மூவிழைக்குள் நிலைமை சற்று மேம்பட்டாலும், பிஎச் 7.2 உள்ள உட்கருவில் மாற்றம் எதுவும் செய்யாத ஆலிகோ திணறும்.

இரண்டாவது பியூரின் முறை. குவானின்–சைட்டோசின் இணைமேல் குவானின். அடினின்–தைமின் இணைமேல் அடினின் அல்லது தைமின். இங்கே பிணைப்பு தலைகீழ் ஹூக்ஸ்டீன் வகை. மூன்றாம் இழை பியூரின் இழைக்கு எதிர்த்திசையில் ஓடும். பிஎச் கவலை இல்லை. ஆனால் மெக்னீசியம் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை பொட்டாசியம். செல்லுக்குள் 140 மில்லிமோலார் அளவில் இருக்கும் பொட்டாசியம், ஜி நிறைந்த ஆலிகோக்களைத் தமக்குள்ளேயே நான்கிழை முடிச்சாகக் கட்டிப்போடும். முடிச்சான ஆலிகோ இலக்கைத் தேடிப் போகாது.

ஆகப் பிரிமிடின் முறைக்கு எதிரி நடுநிலைப் பிஎச். பியூரின் முறைக்கு எதிரி பொட்டாசியம். செல்லில் இரண்டுமே உண்டு. கீழே வரும் வடிவமைப்பு வேலை முழுக்க இந்த இரண்டோடு போராடுவதுதான்.

படி 1: இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

மரபணுவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் இலக்கு தேடுவதுதான் எல்லோரும் போகும் வழி. முடிந்தால் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்: உங்கள் ஆர்வத்துக்குரிய மரபணுக்களில் நல்ல பியூரின் தொடர் எதில் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். மோசமான இலக்கை எந்த வேதி மாற்றமும் முழுமையாகக் காப்பாற்றாது.

நல்ல இலக்கு என்றால் ஓர் இழையில் ஏ, ஜி மட்டும் தொடர்ந்து வரும் 16 முதல் 30 காரஇணை நீளப் பகுதி. நடுவில் ஒரு பிரிமிடின் நுழைந்தாலே பிணைப்பு பல மடங்கு குறையும். தைமின் குறுக்கிட்டால் எதிரே குவானின் வைத்து ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் அது தொடரின் நுனிப் பக்கமாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளலாம், நடுவில் வேண்டாம்.

நீளம் ஏன் முக்கியம்? 16 எழுத்தில் எழுதக்கூடிய வரிசைகள் நாலின் பதினாறாம் அடுக்கு, ஏறத்தாழ 430 கோடி. மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 310 கோடி காரஇணை. இரண்டு இழைகளையும் எண்ணினால் 620 கோடி இடங்கள். எழுத்துகள் தற்செயலாக அடுக்கப்பட்டிருந்தால்கூட ஒரு 16 எழுத்து வரிசை சராசரியாக ஒன்றரை முறை வந்துவிடும். நிஜத்திலோ பியூரின் தொடர்கள் தற்செயல் கணக்கைவிட அதிகமாகவே காணப்படுகின்றன. 2004-ல் கோன்யி, டி லா குரூஸ், ஒரோஸ்கோ வெளியிட்ட ஆய்வு, இவை குறிப்பாக ப்ரோமோட்டர் பகுதிகளில் மிகுதி என்று காட்டியது. இது ஒரே நேரத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். இலக்கு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதே இலக்கு வேறோர் இடத்திலும் இருக்கும் வாய்ப்பும் அதிகம். எனவே 20-க்குக் குறையாமல் பாருங்கள். டிரிப்ளெக்ஸேட்டர் போன்ற நிரலால் முழுத் தொகுதியையும் தேடி, ஓரிரு எழுத்து பிசகியும் பொருந்தும் இடங்களின் பட்டியலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

இலக்கு மரபணுவின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது எப்படி அடக்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு படியெடுப்புக் காரணிப் புரதம் உட்காரும் இடத்தோடு இலக்கு மேற்பொருந்தினால், மூன்றாம் இழை அந்தப் புரதத்தை உட்காரவிடாது. மாஹர், வோல்ட், டெர்வான் 1989-ல் எஸ்பி1 புரதத்தை இப்படி விலக்கிக் காட்டினார்கள். இதுதான் மிக எளிய வழி; சாதாரணப் பிணைப்பு வலிமையே போதும். இலக்கு மரபணுவின் உடலுக்குள் இருந்தால், ஓடிவரும் ஆர்என்ஏ பாலிமரேஸை நிறுத்த வேண்டும். அந்த இயந்திரம் இரட்டைச் சுருளைப் பிரித்துக்கொண்டே வருவதால் சாதாரண மூன்றாம் இழையை உதிர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே மிக வலுவாகப் பிணையும் ஆலிகோவோ, சகப்பிணைப்பால் பூட்டிய ஆலிகோவோ வேண்டும்.

இன்னொரு சரிபார்ப்பு, பலரும் விட்டுவிடுவது: அந்த இடம் உங்கள் செல்வகையில் திறந்திருக்கிறதா? நியூக்ளியோசோம் என்னும் புரத உருளையில் இறுகச் சுற்றப்பட்ட டிஎன்ஏ மூன்றாம் இழைக்கு எளிதில் இடம் தராது. டிஎன்ஏ எங்கே திறந்திருக்கிறது என்று காட்டும் டிஎன்ஏஸ் உணர்திறன் தரவோ அடாக்-சீக் தரவோ பெரும்பாலான பரவலான செல்வகைகளுக்குப் பொதுவில் கிடைக்கிறது; பத்து நிமிட வேலை. மரபணு உயிர்ப்போடு படியெடுக்கப்படும்போது இலக்கை அடைவது எளிதாகிறது என்பதும், செல் சுழற்சியின் டிஎன்ஏ இரட்டிப்புக் கட்டத்தில் எளிதாகிறது என்பதும் சோதித்துக் காட்டப்பட்டவை.

கடைசியாக, தூது ஆர்என்ஏவின் ஆயுள். சில நிமிடங்களில் சிதையும் ஆர்என்ஏ என்றால் படியெடுப்பு நின்றது உடனே தெரியும். ஒரு நாள் நீடிக்கும் ஆர்என்ஏ என்றால், விளைவு தெரிவதற்குள் ஆலிகோ சிதைந்துவிடலாம். முதன்முறை செய்பவர்கள் குறுகிய ஆயுள் கொண்ட இலக்கையே எடுங்கள்.

படி 2: எழுத்துகளை எழுதுதல்

இதை ஒரு நிஜ இலக்கின் மேலேயே செய்து பார்ப்போம். எச்ஐவி-1 வைரஸின் பாலிபியூரின் தொடர், இந்தத் துறையில் அதிகம் சோதிக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று. 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி அதன் பியூரின் இழை:

5′-ஏஏஏஏ-ஜி-ஏஏஏஏ-ஜிஜிஜிஜிஜிஜி-ஏ-3′

மொத்தம் 16. அதில் ஏ ஒன்பது, ஜி ஏழு. 20-க்குக் குறையாமல் என்று மேலே சொன்ன நானே 16-ஐ எடுப்பது ஏன்? இது வைரஸ் வரிசை. வைரஸ் இதை மாற்றிக்கொள்வதும் கடினம். அதன் டிஎன்ஏ உருவாக்கத்துக்கே இந்தத் தொடர் தேவை.

பிரிமிடின் முறையில் எழுதினால், திசை மாறாது. ஏ-க்கு டி, ஜி-க்கு சி:

5′-டிடிடிடி-சி-டிடிடிடி-சிசிசிசிசிசி-டி-3′

பியூரின் முறையில் ஏ, ஜி கொண்டு எழுதினால் திசை திரும்பும்:

5′-ஏ-ஜிஜிஜிஜிஜிஜி-ஏஏஏஏ-ஜி-ஏஏஏஏ-3′

ஏ-க்குப் பதில் டி வைத்தால்:

5′-டி-ஜிஜிஜிஜிஜிஜி-டிடிடிடி-ஜி-டிடிடிடி-3′

திசைதான் மிகுதியாகத் தவறும் இடம். ஆலிகோ ஆர்டர் செய்வதற்கு முன் இலக்கையும் மூன்றாம் இழையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரு முனைகளின் எண்களையும் குறித்துப் பாருங்கள். டி, ஜி கொண்ட ஆலிகோக்களில் இன்னொரு சிக்கல்: வரிசையைப் பொறுத்து அவை இரண்டு திசையிலும் அமரக்கூடும். ஜி-யும் டி-யும் மாறி மாறி வருவது கூடக்கூட எதிர்த்திசை வலுவாகும். நீண்ட கூட்டங்களாக இருந்தால் இணைத்திசையும் சாத்தியம்.

இந்த மூன்றில் எதை எடுப்பது? பியூரின் முறை ஜி நிறைந்த இலக்குகளை விரும்பும். மூன்றில் இரண்டு பங்காவது ஜி இருந்தால் நல்லது. நம் இலக்கில் பாதிகூட இல்லை. பிரிமிடின் முறைக்கோ அந்த ஆறு சி தொடர் தொல்லை. அடுத்தடுத்து நிற்கும் நேர்மின் சைட்டோசின்கள் ஒன்றையொன்று தள்ளும். எல்லாமே புரோட்டான் ஏற்பது கடினம். ஹெலென் குழு கண்ட தீர்வு அழகானது. முன்பகுதியைப் பிரிமிடின் முறையிலேயே விட்டு, ஆறு சி இருந்த இடத்தில் ஆறு ஜி-யை அதே திசையில் வைத்தார்கள். பிஎச் தேவை வெகுவாகக் குறைந்தது. இரண்டு முறைகளையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கும் பழக்கத்தால் இப்படிக் கலக்கலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

படி 3: வேதி மாற்றங்கள்

இயற்கை டிஎன்ஏவை அப்படியே செல்லுக்குள் அனுப்பினால் நியூக்ளியேஸ்கள் சில மணி நேரத்தில் தின்றுவிடும். குறைந்தபட்சம் 3′ முனையை ஓர் அமினோ தொகுதியால் மூடுங்கள். முதுகெலும்பு முழுவதையும் ஃபாஸ்ஃபோரோதயோவேட்டாக (ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் கொண்டதாக) மாற்றும் பழக்கம், தூது ஆர்என்ஏவோடு ஒட்டும் ஆன்டிசென்ஸ் ஆலிகோ வேலையிலிருந்து வந்தது. மூவிழை வேலைக்கு அது உகந்ததில்லை: புரதங்களோடு கண்டபடி ஒட்டும், விளைவு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். முனைகளில் ஓரிரு இணைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிமிடின் முறை ஆலிகோவில் எல்லா சைட்டோசினையும் 5-மெத்தில் சைட்டோசினாக மாற்றுவது மலிவான, கட்டாயமான முதல் மாற்றம். ஏறத்தாழ ஒரு பிஎச் அலகு மேலேயும் மூவிழை தாங்கும். அதற்குமேல் வலிமை வேண்டுமென்றால் சர்க்கரையைப் பூட்டிய நியூக்ளியோடைடுகள், அதாவது எல்என்ஏ. இவற்றை இரண்டு அல்லது மூன்று எழுத்துக்கு ஒன்று என்று இடைவிட்டு வையுங்கள். முழுவதும் எல்என்ஏவால் செய்த ஆலிகோ மூவிழையே அமைக்காது. விறைப்பு அதிகமாகி, சுருளின் வளைவோடு ஒத்துப்போவதில்லை. அதிகம் போட்டால் அதிகம் பிணையும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

மரபணு உடலுக்குள் பாலிமரேஸை நிறுத்த வேண்டியவர்கள் ஃபாஸ்ஃபோரமிடேட் முதுகெலும்பை (ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் கொண்டதை) பார்க்கலாம். மேலே சொன்ன எச்ஐவி தொடரைப் படியெடுக்கப்படும் பகுதியில் வைத்து, இவ்வகை ஆலிகோவால் செல்லுக்குள்ளேயே படியெடுப்பு நீட்சி தடைபடுவதை 2000-ல் ஃபாரியா முதலியோர் காட்டினார்கள். பியூரின் முறையில் போகிறவர்கள் சில குவானின்களை 6-தயோகுவானினாக மாற்றினால் நான்கிழை முடிச்சு தளரும்.

ஆலிகோ வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். எச்பிஎல்சியாலோ ஜெல்லாலோ சுத்திகரித்ததா என்று பாருங்கள்; குட்டையான துண்டுகள் கலந்திருந்தால் அளவீடுகள் எல்லாம் பிசகும். சோடியம் உப்பு வடிவில் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டாசியம் கரைசலில் கரைக்காதீர்கள். ஜி நிறைந்த ஆலிகோவின் செறிவை அளக்கும்போது 85–90 டிகிரி வரை சூடாக்கி 260 நானோமீட்டரில் படியுங்கள். முடிச்சு அவிழாமல் அளந்தால் எண் குறைவாகக் காட்டும்.

படி 4: குழாயில் பிணைப்பைச் சோதித்தல்

மூன்றாம் இழை பிணைந்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்க்கும் ஜெல் ஷிஃப்ட் சோதனையில் தொடங்குங்கள். இலக்கும் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு காரஇணையும் கொண்ட குறும் இரட்டை இழை ஒன்றை ஒளிர்நிறத்தாலோ கதிரியக்கத்தாலோ குறியிட்டு, 1 நானோமோலார் அளவில் எடுங்கள். ஆலிகோவை 1 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை படிப்படியாகக் கூட்டுங்கள். 10 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, பத்து சதவீத சுக்ரோஸ் கொண்ட கரைசலில் 37 டிகிரியில் இரவு முழுதும் விடுங்கள். பிறகு 12 சதவீத இயல்நிலை அக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுங்கள். ஜெல்லிலும் ஓட்டும் கரைசலிலும் மெக்னீசியம் இருக்க வேண்டும், ஈடிடிஏ இருக்கவே கூடாது. அலமாரியில் தயாராக இருக்கும் டிபிஇ கரைசலில் ஈடிடிஏ உண்டு. அதைப் பழக்கத்தில் ஊற்றினால் மெக்னீசியம் பிடுங்கப்பட்டு, உருவான மூவிழை ஜெல்லுக்குள்ளேயே அவிழ்ந்துவிடும்.

இரவு முழுதும் ஏன்? மூன்றாம் இழை மிக மெதுவாக அமரும். பிணைப்பு வேக மாறிலி நொடிக்கு மோலாருக்கு ஏறத்தாழ ஆயிரம். ஆலிகோ 1 மைக்ரோமோலார் இருந்தால் பாதி இலக்கு நிறையச் சுமார் 12 நிமிடம். 10 நானோமோலார் இருந்தால் ஏறத்தாழ 19 மணி நேரம். அரை மணி நேரத்தில் ஜெல்லில் ஏற்றுபவர் உண்மையான பிணைப்பு வலிமையை அளக்கவில்லை, குறைத்துத்தான் மதிப்பிடுகிறார். இதே கணக்கு செல்லுக்குள்ளும் உண்டு. உட்கருவில் போதிய செறிவு எட்டாத ஆலிகோ, எவ்வளவு வலுவாகப் பிணையக்கூடியதாக இருந்தாலும், நேரத்துக்குப் போய்ச் சேராது.

அடுத்த சோதனை என் பார்வையில் ஜெல் ஷிஃப்டைவிட முக்கியமானது. 10 மில்லிமோலார் மெக்னீசியம் என்பது நமக்கு நாமே தரும் சலுகை. செல்லில் தனித்துத் திரியும் மெக்னீசியம் 1 மில்லிமோலாரைத் தாண்டுவது அரிது. அதனால் பிணைப்புச் சோதனையை 140 மில்லிமோலார் பொட்டாசியம், 1 மில்லிமோலார் மெக்னீசியம், பிஎச் 7.2, 37 டிகிரி என்ற நிலையில் திரும்பச் செய்யுங்கள். கொஞ்சம் ஸ்பெர்மின் சேர்த்துக்கொள்ளலாம், செல்லிலும் அது உண்டு. இதில் 100 நானோமோலாருக்குள் பாதிப் பிணைப்பு வராத ஆலிகோவைச் செல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். படி 3-க்குத் திரும்புங்கள்.

எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை டிஎன்ஏஸ் தடச் சோதனை காட்டும்; மூடிய இடத்தை டிஎன்ஏஸ் நொதி வெட்டாது. இலக்கோடு ஒரு வெட்டுநொதியின் தளம் மேற்பொருந்தினால் இன்னும் சுலபம். எச்ஐவி தொடரின் முனையில் டிஆர்ஏ-1 நொதியின் தளமான டிடிடிஏஏஏ விழுகிறது. மூவிழை அமைந்தால் நொதி வெட்டாது. நீளமான பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏவிலும் செய்யலாம், மரபணுத் தொகுதி டிஎன்ஏவிலும் செய்யலாம். இலக்குத் தேர்வின்போதே இப்படி ஒரு தளம் அருகில் உண்டா என்று பார்த்து வைத்தால் பின்னால் பெரிய உதவி.

இதே குழாய் வேலையின் தொடர்ச்சியாக, ஹீலா செல் உட்கருச் சாறில் படியெடுப்புச் சோதனை ஒன்றையும் முடித்துவிடுங்கள். இலக்கு உள்ள ப்ரோமோட்டரும் இலக்கு இல்லாத ப்ரோமோட்டரும் ஒரே குழாயில் இருக்கட்டும், இரண்டின் ஆர்என்ஏவும் வெவ்வேறு நீளத்தில் வரும்படி. முதலாவது மட்டும் குறைந்தால் மேலே போகலாம். இரண்டும் குறைந்தால் ஆலிகோ ஏதோ புரதத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

படி 5: செல்லுக்குள்

நேர்மின் கொழுப்புக் கலவை, மின்துளைப்பு, ஸ்ட்ரெப்டோலைசின்-ஓ கொண்டு செல்சவ்வைத் தற்காலிகமாகத் துளைப்பது என்று வழிகள் உண்டு. செறிவு பொதுவாக 0.1 முதல் 2 மைக்ரோமோலார் வரை. ஒளிர்நிறம் கட்டிய ஆலிகோவை அனுப்பி நுண்ணோக்கியில் பாருங்கள். புள்ளி புள்ளியாக உட்கருவைச் சுற்றி நின்றால் அது எண்டோசோம் என்னும் உட்பையில் சிக்கியிருக்கிறது; உட்கரு முழுதும் சீராக ஒளிர்ந்தால் நல்லது. சிதைந்த ஆலிகோவிலிருந்து கழன்ற நிறமும் உட்கருவில் சேரும் என்பதால், செல்லைச் சிதைத்து ஜெல்லில் ஓட்டி முழுநீள ஆலிகோ இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அளக்க வேண்டியது தூது ஆர்என்ஏ, புரதம் அல்ல. 2, 6, 12, 24, 48 மணி நேரங்களில் மாதிரி எடுங்கள். முடிந்தால், இன்னும் வெட்டி ஒட்டப்படாத முன்னோடி ஆர்என்ஏவை, பின்னர் வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதிக்கான ப்ரைமர்களால் அளங்கள். படியெடுப்பு குறைந்தால் அது முதலில் குறையும். ஆர்என்ஏவின் நிலைத்தன்மை மட்டும் மாறியிருந்தால் அது அசையாது. சில நூறு ரூபாய் ப்ரைமர் செலவில் இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும் சோதனை வேறில்லை.

படி 6: மூவிழைதான் காரணமா?

இப்போது சி-மிக்குக்குத் திரும்புவோம். 1988-ல் மூவிழை இலக்காக எடுத்த அந்த ஜி நிறைந்த பகுதி, இரண்டாவது இழை விலகும்போது தானே நான்கிழை முடிச்சாக மடியக்கூடியது. 2002-ல் ஹர்லி குழு, அந்த முடிச்சு சி-மிக் வெளிப்பாட்டை அடக்கும் உறுப்பாக நடந்துகொள்வதைக் காட்டியது. அந்த இடத்துக்கு ஜி நிறைந்த ஆலிகோ ஒன்றை அனுப்பினால் அது மூவிழை அமைக்கலாம், எதிரிழையோடு சேரலாம், அல்லது தானே முடிச்சாகி அந்த இடத்தில் உட்காரும் புரதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். மூன்றிலும் சி-மிக் குறையும். வெளிப்பாடு குறைந்தது என்ற ஒரே தகவல் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாது.

ஜி நிறைந்த ஆலிகோக்கள் நியூக்ளியோலின் போன்ற புரதங்களைப் பிடித்து, எந்த மரபணுவையும் தொடாமலே செல்பெருக்கத்தை நிறுத்தக்கூடியவை. செல் வளர்வது நின்றால் சி-மிக் போன்ற மரபணுக்கள் தாமாகவே குறையும். அதைப் பார்த்துவிட்டு மூவிழை வெற்றி என்று எழுதிய கதைகள் இந்தத் துறையில் குறைவில்லை.

எழுத்துக் கலைத்த ஆலிகோ ஒன்றைக் கன்ட்ரோலாக வைப்பது வழக்கம். போதாது. கலைத்தபோது ஜி கூட்டங்களும் கலைந்தால் முடிச்சு கட்டும் திறனும் போய்விடும். பிறகு அது எதற்கும் கன்ட்ரோல் அல்ல. அதே எண்ணிக்கை, அதே ஜி கூட்டங்கள், ஆனால் இலக்கோடு பொருந்தாத வரிசை என்று தேடி அமையுங்கள். பிரிமிடின் முறை என்றால் அதே வரிசையைத் திசை திருப்பி எழுதியது நல்ல கன்ட்ரோல். இயைபு துளியும் மாறாது. இலக்கு இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கப்படும் வரிசையாக இருந்தால் மட்டும் இது பயன்படாது. அப்படிப்பட்ட இலக்கில் பிரிமிடின் ஆலிகோ, தூது ஆர்என்ஏவோடு சாதாரண ஆன்டிசென்ஸாகவும் ஒட்டிவிடும். அதற்காகவே அதை முதல் படியில் ஒதுக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட வலுவான கன்ட்ரோல் ஆலிகோவை மாற்றுவதல்ல, இலக்கை மாற்றுவது. பியூரின் தொடரின் நடுவில் இரண்டு மூன்று எழுத்தைப் பிரிமிடினாக மாற்றிய ரிப்போர்ட்டர் பிளாஸ்மிடை (எளிதில் அளக்கக்கூடிய மரபணு கொண்டதை) அதே ஆலிகோவுக்குக் கொடுங்கள். மாற்றிய பிறகும் ப்ரோமோட்டர் இயல்பாக ஓடி, ஆலிகோவின் விளைவு மட்டும் மறைந்தால் வாதம் முடிந்தது. இன்று இதைப் பிளாஸ்மிடோடு நிறுத்தத் தேவையில்லை. கிரிஸ்பரால் செல்லின் சொந்த மரபணுவிலேயே அந்த எழுத்துகளை மாற்றிய செல்வரிசை ஒன்றை உருவாக்குங்கள். சில மாத வேலை; ஆனால் அந்த ஒரு செல்வரிசை, பத்து விதக் கன்ட்ரோல் ஆலிகோக்கள் தராத பதிலைத் தரும். புதிதாகத் தொடங்குபவர் ஆலிகோ ஆர்டர் செய்யும் அதே வாரத்தில் இந்தச் செல்வரிசை வேலையையும் தொடங்கிவிட வேண்டும் என்பேன்.

படி 1-ல் எடுத்து வைத்த, ஓரிரு எழுத்து பிசகிய இடங்களின் பட்டியலை இங்கே வெளியே எடுங்கள். அவற்றுக்கு அருகிலுள்ள மரபணுக்களில் நாலைந்தையாவது அளங்கள்.

செல்லுக்குள் ஆலிகோ உண்மையிலேயே இலக்கில் இருந்ததா என்று நேரடியாகப் பார்க்கச் சோரலன் உதவும். ஆலிகோவின் 5′ முனையில் சோரலனைக் கட்டுங்கள். மூவிழை முடியும் எல்லையில் 5′-டிஏ-3′ வரிசை இருந்தால், 365 நானோமீட்டர் புறஊதா ஒளியில் அது இரட்டைச் சுருளின் இரு இழைகளையும் குறுக்கே பூட்டிவிடும். எச்ஐவி தொடரின் விளிம்பில் இந்த டிஏ சரியாக அமைந்திருக்கிறது, அதுவும் டிஆர்ஏ-1 தளத்துக்குள்ளேயே. ஒளிக்குப் பின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து நொதியால் வெட்டினால், பூட்டிய பிரதிகள் வெட்டுப்படாமல் நிற்கும். விகிதத்தை நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். செல்லின் நிறமூர்த்தத்தில் பதிந்த எச்ஐவி டிஎன்ஏவை ஆலிகோ எட்டுகிறது என்பதை 1997-ல் ஜியோவனாஞ்செலி, ஹெலென் முதலியோர் நிறுவியது இந்த உத்தியால்தான்.

இதிலும் ஒரு பொறி. செல்லைச் சிதைக்கும்போது எண்டோசோமில் சிக்கிக் கிடந்த ஆலிகோ வெளியே வந்து, அப்போது திறந்து கிடக்கும் டிஎன்ஏவில் அமர்ந்துவிடும். அதைத் தவிர்க்க ஒளியூட்டுவதைச் செல் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சிதைக்கும் கரைசலில், அதே இலக்கு கொண்ட குறும் இரட்டை இழையை மிகையளவில் சேருங்கள். ஆலிகோ கொடுக்காத செல்களைச் சிதைக்கும்போது மட்டும் ஆலிகோவைக் கலந்த மாதிரி ஒன்றும் கூடவே போகட்டும். அதில் பூட்டு தென்பட்டால் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

சோரலனைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். செல் அந்தப் பூட்டைப் பழுதுபார்க்கும். பார்க்கும்போது பிழை விடும். மரபணுவில் நிலையான திடீர்மாற்றங்கள் வந்துவிடும், பெரும்பாலும் டி இருந்த இடத்தில் ஏ. பீட்டர் கிளேசர் குழு 1996-ல் காட்டியபடி, சோரலன் இல்லாத வலுவான மூவிழையே பழுதுபார்க்கும் இயந்திரத்தைத் தூண்டித் திடீர்மாற்றம் உண்டாக்க வல்லது. ஒரு வாரம் கழித்தும் வெளிப்பாடு மீளாவிட்டால், இலக்குப் பகுதியைப் பெருக்கி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆலிகோ எப்போதோ போயிருக்கும். இருப்பது மாறிப்போன மரபணுவாக இருக்கலாம். கிளேசர் குழு பிறகு இதையே மரபணுத் திருத்தக் கருவியாக வளர்த்தெடுத்தது. மூவிழை அமைக்கும் பெப்டைடு நியூக்ளிக் அமிலங்களோடு (சர்க்கரை முதுகெலும்புக்குப் பதில் பெப்டைடு போன்ற முதுகெலும்பு கொண்டவை) திருத்த வேண்டிய வரிசை கொண்ட டிஎன்ஏவையும் நானோதுகளில் அடைத்துக் கொடுத்து, பீட்டா தலசீமியா உள்ள எலிகளில் குறையைத் திருத்திக் காட்டியது 2016-ல்.

அடக்குவதற்குப் பதில் தூண்ட வேண்டுமென்றால்

இலக்கை ப்ரோமோட்டருக்கு மேலே, எந்தப் புரதத்தையும் மறிக்காத இடத்தில் தேர்ந்தெடுத்து, ஆலிகோவின் முனையில் விபி16 போன்ற தூண்டு பெப்டைடைக் கட்டுங்கள். ஹெலென் குழு 1999-ல் இது நடக்கும் என்று காட்டியது. மேலே சொன்ன படிகள் எல்லாம் அப்படியே பொருந்தும். ஒரு கன்ட்ரோல் மட்டும் கூடும்: பெப்டைடு கட்டாத அதே ஆலிகோ. அது தனியே வெளிப்பாட்டைக் குறைத்தால் தேர்ந்தெடுத்த இடம் தவறு. ஐம்பது காரஇணையாவது மேலே நகருங்கள்.